சுண்டெலியின் மாரடைப்பு மாதிரியில் இதயத் தசை இரத்த ஓட்டம்: படம் தரும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கீழறை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். சுண்டெலியின் இடது இதயத் தமனியை நிரந்தரமாகக் கட்டி மாரடைப்பை உண்டாக்கி, புதிய இரத்த நாளங்கள் முளைக்கத் தூண்டும் என்று நாங்கள் கருதும் ஒரு மருந்தைக் கொடுத்து, நான்கு வாரங்கள் கழித்து 9.4 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவியில் இதயத் தசைக்குள் ஓடும் இரத்தத்தின் அளவைக் கணக்கிடுகிறோம். வெளியிலிருந்து எந்த மருந்தையும் செலுத்தாமல், இரத்தத்தில் உள்ள நீரையே காந்தத்தால் குறியிட்டுப் பார்க்கும் ஏ.எஸ்.எல். முறையைத்தான் பயன்படுத்துகிறோம்.

மருந்து பெற்ற விலங்குகளின் தழும்புப் பகுதியில், ஒரு கிராம் தசைக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 மில்லிலிட்டர் கூடுதலான ஓட்டம் தெரிகிறது. என் வழிகாட்டிக்கு மகிழ்ச்சி. எனக்குத்தான் உறுத்தல், ஏனென்றால் அதே இதயங்களை வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் எண்ணியபோது, தழும்பில் உள்ள நாளங்களின் எண்ணிக்கையில் இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு ஒன்றும் காணப்படவில்லை. நாளம் கூடாமல் ஓட்டம் மட்டும் கூடுமா? அல்லது என் அளவீட்டிலேயே கோளாறா? இதே விலங்கு மாதிரியில் வேலை செய்தவர்கள் எங்கே பார்க்க வேண்டும் என்று சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

காந்தக்காரர்

வணக்கம். நல்ல கேள்வி. உங்கள் உறுத்தலை விட்டுவிடாதீர்கள்.

இம்முறையின் அடிப்படையை இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். இரண்டு முறை படமெடுக்கிறோம். முதல் முறை, பார்க்கப்போகும் துண்டில் (படத்தில் வரும் குறுக்குவெட்டில்) மட்டும் நீரின் காந்தத்தன்மையைத் தலைகீழாகத் திருப்புகிறோம். அப்போது வெளியிலிருந்து திருப்பப்படாத புதிய இரத்தம் அத்துண்டின் தசைக்குள் வந்து கலப்பதால் தசை விரைவாக இயல்பு நிலைக்கு மீள்வதுபோலத் தோன்றும். இரண்டாம் முறை உடல் முழுவதிலும் திருப்புகிறோம்; அப்போது வருகிற இரத்தமும் திருப்பப்பட்டதாகவே இருப்பதால் மீட்சி மெதுவாகத் தெரியும். இந்த இரண்டு மீட்சி நேரங்களின் வேறுபாட்டிலிருந்தே ஓட்டத்தைக் கணக்கிடுகிறோம். முழு உடல் திருப்பலில் கிடைத்த மீட்சி நேரத்தை, அதாவது டி1 நேரத்தை, துண்டு மட்டும் திருப்பியபோது கிடைத்த டி1 நேரத்தால் வகுத்து, அதிலிருந்து 1-ஐக் கழித்து, லாம்டா எனப்படும் நீர்ப் பகிர்வு எண்ணால் பெருக்கி, இரத்தத்தின் டி1 நேரத்தால் வகுக்க வேண்டும். இது ஒரு நொடிக்கான ஓட்டம்; 60-ஆல் பெருக்கினால் நிமிடக் கணக்கு.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொள்ளும் எண்கள். முழு உடல் திருப்பலில் தசையின் டி1 1.40 நொடி, துண்டு திருப்பலில் 1.20 நொடி, இரத்தத்தின் டி1 2.0 நொடி, லாம்டா 0.95 என்றால், விடை ஒரு கிராமுக்கு நிமிடத்திற்கு சுமார் 4.75 மில்லிலிட்டர். இப்போது 1.20 என்ற எண்ணை மட்டும் 2 விழுக்காடு கூட்டி 1.224 ஆக்குங்கள். விடை 4.1-க்கு இறங்கிவிடுகிறது. டி1 அளவீட்டில் 2 விழுக்காடு பிழை, ஓட்டத்தில் 14 விழுக்காடு பிழையாக வந்து நிற்கிறது. தழும்பில் நிலைமை இன்னும் மோசம்: உண்மையில் ஓட்டமே இல்லாத இடத்தில் இரண்டு டி1 நேரங்களும் 1.40 ஆகவே இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று 2 விழுக்காடு தவறி 1.372 என்று வந்துவிட்டால், ஒன்றுமில்லாத இடத்தில் 0.58 மில்லிலிட்டர் ஓட்டம் முளைத்துவிடும். நீங்கள் கண்ட 1 மில்லிலிட்டர் வேறுபாட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இது தற்செயலான இரைச்சல் மட்டும் என்றால் இரண்டு குழுக்களிலும் சமமாகவே விழும். ஒரு பக்கமாகச் சாயும் பிழைதான் ஆபத்தானது. சுண்டெலியின் இடது கீழறைச் சுவர் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிப்பு. உங்கள் படப்புள்ளி 0.2 மில்லிமீட்டர் என்றால் நல்ல சுவரின் குறுக்கே ஐந்து புள்ளிகள் அமையும். நான்கு வாரத் தழும்போ மெலிந்து போயிருக்கும். அங்கே இரண்டு புள்ளிகள் அமைந்தாலே பெரிது. அவற்றுள் உட்புறப் புள்ளி கீழறைக்குள் இருக்கும் இரத்தத்தோடு கலந்தே தீரும். அந்த இரத்தம் ஒவ்வொரு துடிப்பிலும் புதிதாக மாறிக்கொண்டே இருப்பதால், துண்டு திருப்பலின்போது அதன் மீட்சி மின்னல் வேகத்தில் நடப்பதுபோலத் தோன்றும். கலந்த புள்ளியில் ஓட்டம் வானளாவ உயர்ந்து காட்டும். ஆகவே உட்சுவரின் எல்லைக்கோட்டை யார் வரைந்தார், எந்த விலங்கு எந்தக் குழு என்று தெரிந்து வரைந்தாரா என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி இதைவிட எளிது. தழும்பிலிருந்து தொலைவில் உள்ள நல்ல தசையில், அதாவது இரு கீழறைகளுக்கும் நடுவே உள்ள இடைச்சுவரில், இரு குழுக்களின் எண்கள் என்ன?

நுண்கோளம்

காந்தக்காரரின் இரண்டாவது கேள்விதான் சாவி என்று எனக்குத் தோன்றுகிறது. நான் உடலியங்கியல்காரன், படமெடுக்கும் கருவிகளை விட விலங்கின் உடல்நிலையையே அதிகம் நம்புகிறவன் அல்லது அதிகம் சந்தேகிக்கிறவன்.

ஓய்வில் இருக்கும் மனித இதயத் தசைக்கு ஒரு கிராமுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 மில்லிலிட்டர் இரத்தம் போதும். சுண்டெலிக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும், ஏனென்றால் அதன் இதயம் நிமிடத்திற்கு 500 முறையும் அதற்கு மேலும் துடிக்கிறது. இந்த எண் கல்லில் பொறித்ததன்று. மயக்க மருந்து, உடல் வெப்பம், இரத்த அழுத்தம், இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு என்று ஒவ்வொன்றும் அதை அசைக்கும். குறிப்பாக, ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்து இதயத் தமனிகளை விரிக்கும். பிரான்ஸின் மார்செய் நகரைச் சேர்ந்த குழு ஒன்று 2005-ல், நீங்கள் பயன்படுத்தும் இதே வகைக் குறியிடல் முறையைக் கொண்டே, சுண்டெலிகளில் ஐசோஃப்ளூரேனின் செறிவை உயர்த்தியபோது இதயத் தசை ஓட்டம் பெருமளவு ஏறுவதைக் காட்டியது. ஆவியாக்கியின் குமிழைச் சற்றே திருப்பினால் போதும், உங்கள் மருந்து சாதிக்கக்கூடியதை விடப் பெரிய மாற்றம் வந்துவிடும்.

ஓட்டத்தை அளப்பதில் நாங்கள் உரைகல்லாகக் கொள்வது நுண்கோளங்களை. 15 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள சிறு உருண்டைகளை இடது மேலறைக்குள்ளோ கீழறைக்குள்ளோ செலுத்தினால், அவை இரத்தத்தோடு கலந்து போய், தந்துகிகளில் நுழைய முடியாமல் சிக்கிக்கொள்ளும். எந்தத் துண்டில் எத்தனை சிக்கின என்று எண்ணி, அதே நேரத்தில் ஒரு தமனியிலிருந்து தெரிந்த வேகத்தில் உறிஞ்சிய இரத்தத்தில் எத்தனை இருந்தன என்பதோடு ஒப்பிட்டால் ஓட்டம் கிடைத்துவிடும். ஏறத்தாழ 10 விழுக்காடு துல்லியத்திற்கு ஒவ்வொரு துண்டிலும் 400 உருண்டைகளாவது இருக்க வேண்டும் என்பது 1971 முதல் நிலைத்த விதி. நாய்க்கும் பன்றிக்கும் இது இயலும். சுண்டெலியில்தான் சங்கடம். 25 கிராம் விலங்கின் மொத்த இரத்தமே 2 மில்லிலிட்டர் அளவுதான். அதில் கால் மில்லிலிட்டரை ஒப்பீட்டுக்காக உறிஞ்சினால் எட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது, அழுத்தம் சரிகிறது, அளக்க வந்த ஓட்டமே மாறிப்போகிறது. உருண்டைகளை மிகுதியாகச் செலுத்தினாலோ அவையே தந்துகிகளை அடைத்துவிடும். அதனால்தான் நான் இன்றும் இத்தகைய கேள்விகளுக்குப் பெரிய எலிகளையே பரிந்துரைக்கிறேன். மரபணு மாற்றிய விலங்கு உங்களுக்குத் தேவையில்லை என்றால், சுண்டெலியைப் பிடித்துக்கொண்டு அல்லாட வேண்டிய அவசியம் என்ன?

ஓர் இடைக்குறிப்பு. சிறு விலங்குகளில் இதயத் தமனியைக் கட்டும் முறையை ஜான்ஸும் ஆல்சனும் 1954-ல் வெளியிட்டனர். 1979-ல் ஃபெஃபர் குழுவினர் எலிகளில் தழும்பின் அளவுக்கும் கீழறையின் செயல்திறனுக்கும் உள்ள உறவைக் காட்டினர். அந்தப் பாதைதான் மாரடைப்புக்குப் பின் கேப்டோப்ரில் என்ற இரத்த அழுத்த மருந்தைக் கொடுத்தால் மனிதர்கள் கூடுதலாகப் பிழைப்பார்கள் என்று 1992-ல் நிறுவிய 'சேவ்' ஆய்வு வரை போய்ச் சேர்ந்தது. எலியில் கண்டது மனிதரிடம் பலிக்காது என்று முகத்தைச் சுளிப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

ஐசோடோப்பு

அணு மருத்துவப் படமெடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் குறுக்கிடுகிறேன்.

தழும்பில் இரத்தம் போகிறதா இல்லையா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால், டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றிய செஸ்டாமிபியோ டெட்ரோஃபோஸ்மினோ கொடுத்து, அதன் கதிர்களைப் படமாக்கும், ஊசித்துளைக் கேமரா கொண்ட ஸ்பெக்ட் கருவியில் பார்ப்பது மிக எளிது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் உருவான பல ஊசித்துளைக் கருவி, சுண்டெலி இதயத்தை அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த பிரிதிறனில் காட்டியது. மருத்துவமனையில் மனிதருக்குப் பயன்படும் ஸ்பெக்ட் கருவியின் பிரிதிறன் மில்லிமீட்டர் கணக்கில் கிடக்க, இது எப்படி இயன்றது என்றால், விலங்கு ஊசித்துளைக்கு மிக அருகில் இருப்பதால் அதன் படம் பல மடங்கு பெரிதாகி உணரியில் விழுகிறது. துளை சிறிதானால் ஒளித்துகள்கள் குறையும். அதை ஈடுகட்டத்தான் ஒரே இடத்தை நோக்கிப் பல துளைகள். இம்முறையில் எனக்குப் பிடித்தது வேறொன்று. கதிரியக்க மருந்தை விலங்கு விழித்திருக்கும்போதே செலுத்தலாம். அது தசைக்குள் போய்த் தங்கிவிடுவதால், பின்னர் மயக்கிப் படமெடுத்தாலும் படத்தில் தெரிவது விழித்திருந்த நேரத்து ஓட்டமே. நுண்கோளம் ஐயா கவலைப்படும் ஐசோஃப்ளூரேன் சிக்கல் இதில் பெரும்பாலும் கழன்றுவிடுகிறது.

பாசிட்ரான் வெளியிடும் ஐசோடோப்புகளைக் கொண்டு படமெடுக்கும் பெட் கருவியில் ஓட்டத்தை மில்லிலிட்டர் கணக்கில் சொல்லலாம், ஆனால் சுண்டெலிக்கு எந்த ஐசோடோப்பு என்பதில் கவனம் வேண்டும். ரூபிடியம்-82 வெளியிடும் பாசிட்ரான் திசுவுக்குள் பல மில்லிமீட்டர் தூரம் ஓடிய பிறகே அழிகிறது. 1 மில்லிமீட்டர் சுவரைப் பார்க்க அது உதவாது. நைட்ரஜன்-13 அம்மோனியா பரவாயில்லை, ஆனால் அதன் அரை ஆயுள் 10 நிமிடம் என்பதால் அதை உண்டாக்கும் சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஃப்ளூரின்-18-இன் பாசிட்ரான் ஓடும் தூரம் மிகக் குறைவு, அரை ஆயுளும் 110 நிமிடம். அதை ஏற்றிய ஃப்ளூர்பிரிடாஸ், விலங்குகளில் பல ஆண்டுகள் சோதிக்கப்பட்டு, 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் மனிதருக்கான ஒப்புதலைப் பெற்றது.

இனி எச்சரிக்கை. எங்கள் முறைகளில் சுவர் மெலிந்தாலே எண்ணிக்கை குறைந்து காட்டும், ஓட்டம் மாறாவிட்டாலும்கூட. கருவியின் பிரிதிறனை விடச் சுவர் மெல்லியதானால், அதன் ஒளி அக்கம்பக்கத்தில் சிந்திவிடுகிறது. உங்கள் மருந்து நாளம் எதையும் வளர்க்காமல், தழும்பு மெலிவதை மட்டும் தடுத்திருந்தால், பெட் படத்தில் அது ஓட்டம் கூடியதுபோலவே தெரியும்! எம்.ஆர்.ஐ.யில் பிழை எதிர்த்திசையில் நேரும் என்று காந்தக்காரர் சொல்கிறார்: அங்கே மெல்லிய சுவர்தான் இரத்தத்தோடு கலந்து ஓட்டத்தைக் கூட்டிக் காட்டும். ஒரே விலங்கை இரண்டு கருவிகளிலும் பார்த்து, இரண்டிலும் ஒரே திசையில் மாற்றம் தெரிந்தால் நம்பிக்கை கூடும்.

மீயொலி

இத்தனை பெரிய கருவிகள் இல்லாத ஆய்வகங்களும் இருக்கின்றன என்பதை நினைவூட்டுகிறேன். எக்கோ எனப்படும் மீயொலிக் கருவியும், இரத்தத்தில் ஏற்றும் நுண்குமிழிகளும் இருந்தால் போதும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் கவுல் குழுவினர் 1998-ல் நாய்களில் காட்டிய வழி இன்றும் செல்லும்: குமிழிகளைச் சீராக ஏற்றிக்கொண்டே இருந்து, ஒரு வலுவான மீயொலித் துடிப்பால் தசைக்குள் உள்ள குமிழிகளை உடைத்துவிட்டு, மீண்டும் எவ்வளவு வேகமாக நிறைகின்றன என்று பார்க்க வேண்டும். நிறையும் வேகம் இரத்தத்தின் வேகத்தைத் தரும், நிறைந்து முடிந்த உயரம் இரத்தத்தின் கொள்ளளவைத் தரும், இரண்டின் பெருக்கற்பலன் ஓட்டத்தைத் தரும்.

விலங்குக் கூடத்திலேயே, அறுவை மேசைக்குப் பக்கத்திலேயே செய்துவிடலாம். தமனி உண்மையில் கட்டுப்பட்டதா என்பதை அன்றே அறிந்துகொள்ளலாம்.

காந்தக்காரர்

மீயொலி நண்பரே, முதல் நாள் சோதனைக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதையே அளவீடாகக் கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. சுண்டெலிக்குப் பயன்படும் ஆய்வுமுனைகள் 30, 40 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. குமிழிகள் மிகுதியாக அதிர்வதோ 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே. அதனால் அலைவெண்ணைக் குறைத்துப் பிரிதிறனை இழக்க நேர்கிறது. தவிர, கீழறைக்குள் நிறைந்திருக்கும் குமிழிகளின் நிழல் பின்சுவரை மறைக்கும், விலா எலும்பின் நிழல் முன்சுவரில் விழும். கீழறையர் கேட்பதோ தழும்பு இருக்கும் முன்சுவரைப் பற்றி.

மீயொலி

நிழல் விழும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆய்வுமுனையின் கோணத்தை மாற்றி விலா எலும்பைத் தவிர்க்கலாம், பின்சுவரை விட்டுவிடலாம். எல்லாக் கேள்விக்கும் இதுவே விடை என்று நான் சொல்லவில்லை.

திசுவறை

நோய்க்குறியியல் பக்கத்திலிருந்து ஒரு சொல். இழையில் எல்லோரும் தழும்பு என்கிறார்கள். எந்தத் தழும்பு, எவ்வளவு பெரிய தழும்பு என்று யாரும் கேட்கவில்லை.

சுண்டெலியின் இடது இதயத் தமனி, மனிதருக்குப் போல இதயத்தின் மேற்பரப்பில் ஓடுவதில்லை. தசைக்குள் புதைந்து ஓடுகிறது. அறுவை செய்பவர் இடது மேலறையின் மடலுக்குக் கீழே மங்கிய செந்நிறக் கோடாகத் தெரிவதைக் குறிவைத்து, 8-0 நூலைக் கண்மதிப்பில் நுழைக்கிறார். அரை மில்லிமீட்டர் மேலே கட்டினால் பாதிக் கீழறை செத்துவிடும், கீழே கட்டினால் நுனி மட்டும் வெளுக்கும். ஆகவே இரண்டு விலங்குகளின் ஓட்டத்தை ஒப்பிடுமுன், எவ்வளவு தசை ஆபத்துக்கு உள்ளானது என்பதை அறிய வேண்டும். எங்கள் அறையில் அதை இரண்டு சாயங்களால் செய்கிறோம். கட்டு இருக்கும் நிலையில் ஈவான்ஸ் நீலத்தைச் செலுத்தினால் இரத்தம் போகும் இடமெல்லாம் நீலமாகிவிடும். பிறகு இதயத்தைக் குறுக்கே வெட்டி டி.டி.சி. கரைசலில் வைத்தால், நீலம் ஏறாத பகுதியில் உயிருள்ள தசை செங்கல் நிறம் பெறும், செத்த தசை வெளிறிக் கிடக்கும். ஆபத்துப் பகுதி என்பது செங்கல் நிறமும் வெளிறியதும் சேர்ந்தது. தழும்பு என்பது வெளிறியது மட்டும். முதல் நாட்களில் இது அழகாக வேலை செய்யும். நான்கு வாரத்தில் தழும்பு சுருங்கி, எல்லைகள் நகர்ந்துவிடும் என்பதால், கீழறையர் கட்டிய அன்றோ மறுநாளோ காடோலினியம் என்ற எம்.ஆர்.ஐ. சாயத்தைக் கொடுத்து, சற்று நேரம் கழித்துத் தாமதப் படம் எடுத்து வைத்திருந்தால் அதுவே ஆதாரம்.

மற்றொன்று, இது பலர் மறந்துபோவது. நிரந்தரக் கட்டு மாதிரியில் மூன்றாம் நாள் முதல் ஒரு வாரத்திற்குள் சில சுண்டெலிகள் இதயச் சுவர் கிழிந்து இறந்துபோகின்றன. பெரிய தழும்பு உள்ளவையே பெரும்பாலும் அப்படிப் போகின்றன. நான்காம் வாரம் படமெடுக்க வருபவை பிழைத்தவை மட்டும். உங்கள் மருந்து இறப்பைக் கூட்டியதா குறைத்ததா என்று பாருங்கள். ஒரு குழுவில் மட்டும் மோசமான விலங்குகள் கழிந்துபோயிருந்தால், எஞ்சியவற்றின் சராசரி தானாகவே நல்லதாகத் தெரியும்.

இன்னும் ஒன்று, விலங்கின் இனம். 1987-ல் மேக்ஸ்வெல், ஹர்ஸ், யெல்லன் ஆகியோர் பல விலங்குகளின் பக்கவழி நாளங்களை ஒப்பிட்டனர். கினிப்பன்றியின் இதயத்தில் பக்கவழிகள் எவ்வளவு நிறைந்திருக்கின்றன என்றால், தமனியைக் கட்டினாலும் மாரடைப்பே வருவதில்லை. எலிக்கும் பன்றிக்கும் முயலுக்கும் பக்கவழி மிகக் குறைவு. புதிய நாளங்களை வளர்க்கும் மருந்தைச் சோதிக்கப் பக்கவழி குறைந்த விலங்கு ஏற்றதுதான். ஆனால் அங்கே தழும்புக்குள் 1 மில்லிலிட்டர் ஓட்டம் கூடியது என்றால், அதைச் சுமந்து வந்த நாளங்கள் என் நுண்ணோக்கிக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

கீழறை

அனைவருக்கும் நன்றி. இரண்டு நாட்கள் பதிவேடுகளோடு உட்கார்ந்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

காந்தக்காரர் ஐயா கேட்ட இடைச்சுவர் எண்களை முதலில் பார்த்தேன். மருந்துக் குழுவில் இடைச்சுவரிலும் ஓட்டம் கூடுதலாகவே இருக்கிறது. கட்டிய தமனிக்கும் இடைச்சுவருக்கும் தொடர்பில்லை. சுண்டெலியில் இடைச்சுவருக்குத் தனித் தமனி உண்டு. ஆகவே கூடியது உடல் முழுவதற்குமான ஏதோ ஒன்று என்று அப்போதே புரிந்துவிட்டது. பிறகு மயக்க மருந்துப் பதிவேட்டைத் திறந்தேன். கட்டுப்பாட்டுக் குழுவில் பெரும்பாலானவற்றைக் காலையில் நான் படமெடுத்திருக்கிறேன், ஐசோஃப்ளூரேன் 1.5 விழுக்காட்டில். மருந்துக் குழுவில் பெரும்பாலானவற்றைப் பிற்பகலில் என் சக மாணவர் எடுத்திருக்கிறார். விலங்கு அசைகிறது, ஈ.சி.ஜி. ஒத்திசைவு தவறுகிறது என்பதால் அவர் 2 விழுக்காடு வைத்திருக்கிறார். அவர் செய்தது தவறில்லை. காலையையும் பிற்பகலையும் குழுக்களுக்கு இடையே கலந்து வைக்காதது என் தவறு.

உட்சுவரின் கோட்டை வரைந்தவளும் நான்தான், எந்த விலங்கு எந்தக் குழு என்று தெரிந்தே. இப்போது கோப்புகளின் பெயரை மாற்றி, ஆய்வகத்திற்குப் புதிதாக வந்த ஒருவரிடம் கொடுத்து, உட்புறப் புள்ளி ஒன்றை எல்லாவற்றிலும் விலக்கி வரையச் சொன்னேன். தழும்புக்குள் இருந்த வேறுபாடு இரைச்சலுக்குள் மூழ்கிவிட்டது. ஒவ்வொரு விலங்கின் தழும்பு எண்ணையும் அதே விலங்கின் இடைச்சுவர் எண்ணால் வகுத்தபோதும் அப்படியே.

ஆனால் ஒன்று எஞ்சுகிறது. தழும்புக்கும் நல்ல தசைக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியில், இடைச்சுவரால் வகுத்த பிறகும், மருந்துக் குழுவின் விகிதம் சற்றுக் கூடுதலாகவே நிற்கிறது. நாளங்களை எண்ணியபோது நாங்கள் தழும்பின் நடுவைத்தான் எண்ணினோம், எல்லைப் பகுதியை எண்ணவில்லை. இறப்பு எண்ணிக்கையில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. முதல் நாள் காடோலினியப் படம் எடுக்கவில்லை.

இந்த எல்லைப் பகுதி எண்ணை நம்பலாமா?

காந்தக்காரர்

வெட்கப்பட ஒன்றுமில்லை, பதிவேட்டைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

எல்லைப் பகுதியைப் பற்றி: புள்ளி புள்ளியாகப் பார்த்தால் அது தழும்புப் புள்ளியும் நல்ல புள்ளியும் கலந்த ஒரு பட்டை. கோட்டை நல்ல தசையின் பக்கம் ஒரு புள்ளி நகர்த்தினால் விகிதம் ஏறும். ஆகவே எல்லையை ஓட்டப் படத்தைக் கொண்டே வரையாதீர்கள். அது தன் வாலைத் தானே துரத்துவது. காடோலினியத்தின் தாமதப் படத்தில் தழும்பு ஒளிரும். அந்த ஒளிர்வின் ஓரத்திலிருந்து வெளிநோக்கி, எல்லா விலங்குகளிலும் ஒரே எண்ணிக்கையிலான புள்ளிகள் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். வரிசையும் முக்கியம்: ஓட்டத்தை முதலில் அளந்துவிட்டுப் பிறகு காடோலினியம் கொடுங்கள், அது டி1-ஐக் குறைத்துவிடும் என்பதால் முன்பே கொடுத்தால் ஏ.எஸ்.எல். கணக்கே குலைந்துவிடும்.

லாம்டாவைப் பற்றியும் ஒரு சொல். 0.95 என்று நாம் எல்லா இடத்திற்கும் போடுகிறோம். செத்து, வீங்கி, நார்த்திசு படிந்த இடத்தில் நீர்ப் பகிர்வு அதேதான் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தழும்பின் ஓட்டத்தை மில்லிலிட்டரில் சொல்லும் எந்தக் கட்டுரையையும் இந்த ஐயத்தோடுதான் நான் படிக்கிறேன்.

நுண்கோளம்

ஓய்வு நிலை ஓட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான் தெரியும். எல்லைப் பகுதியில் புதிய நாளங்கள் உண்மையிலேயே வளர்ந்திருந்தால், அவற்றின் பயன் இதயம் கூடுதல் இரத்தம் கேட்கும்போதுதான் வெளிப்படும். அடினோசின் ஏற்றித் தமனிகளை விரித்து, விரித்த ஓட்டத்தை ஓய்வு ஓட்டத்தால் வகுத்துப் பாருங்கள். ஆனால் ஐசோஃப்ளூரேன் 2 விழுக்காட்டில் தமனிகள் முன்பே விரிந்துவிட்டிருக்கும், அடினோசினுக்கு விரிக்க மிச்சமிருக்காது. எனவே மயக்கம் இலேசாக இருக்க வேண்டும். அடினோசின் இரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். அழுத்தம் சரிந்தால் எல்லைப் பகுதிதான் முதலில் பட்டினி கிடக்கும், விகிதம் குறைந்து காட்டும், நீங்கள் மருந்தைக் குறை சொல்வீர்கள்.

ஐசோடோப்பு

அடினோசின் சோதனைக்குத் தனி விலங்குகளை ஒதுக்குங்கள். ஒரே நாளில் ஒரே விலங்கிடம் எல்லாவற்றையும் கேட்டால் அது மேசையிலேயே போய்விடும்.

திசுவறை

எல்லைப் பகுதித் துண்டுகள் மெழுகுக் கட்டிகளாக இன்னும் உங்களிடம் இருக்குமே? அவற்றை வெட்டி எண்ணுவதற்குப் புதிய விலங்கு எதுவும் வேண்டாம். நாளத்தின் உட்படலத்தை மட்டும் நிறமேற்றி எண்ணாமல், அதைச் சுற்றி மென்தசை இருக்கிறதா என்றும் பாருங்கள். தசையுறை இல்லாத புதுத் தந்துகிகள் எண்ணிக்கையில் கூடியிருக்கலாம், ஆனால் அவற்றுக்கு இரத்தம் கொண்டுவரும் சிறு தமனி இல்லையென்றால் ஓட்டம் கூடாது.

கீழறை

கட்டிகள் இருக்கின்றன, நாளை வெட்டுகிறோம். அடுத்த தொகுதிக்கு இப்படித் திட்டமிட்டிருக்கிறேன். கட்டிய மறுநாள் தாமதக் காடோலினியப் படம். குழுக்களைக் காலை, பிற்பகல் இரண்டிலும் சமமாகக் கலப்பது. ஐசோஃப்ளூரேன் 1.5 விழுக்காட்டைத் தாண்டாமல், உடல் வெப்பத்தை 37 பாகையில் நிறுத்தி, ஒவ்வொரு படத்தோடும் இதயத்துடிப்பைப் பதிவது. கோடு வரைபவருக்குக் குழு தெரியாமல் வைப்பது. தமனியைக் கட்டாமல் போலி அறுவை மட்டும் செய்த விலங்குகளையும் சேர்ப்பது. விலங்குகளின் எண்ணிக்கை கூடுவதால் நெறிக்குழுவிடம் திருத்தம் கேட்டு எழுத வேண்டும். ஏன் முன்பே கேட்கவில்லை என்பார்கள், அதற்கும் உண்மையையே எழுதப் போகிறேன்.

வழிகாட்டியிடம் சொல்லிவிட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இடைச்சுவர் எண்ணை நாம் ஏன் முதலிலேயே அட்டவணையில் போடவில்லை?" என்று கேட்டார்.

ஒரே ஒரு ஐயம். 1.5 விழுக்காட்டில் விலங்கு அசைந்தால் சக மாணவர் என்ன செய்வது? குமிழைத் திருப்பாமல் சமாளிக்க வழி உண்டா?

காந்தக்காரர்

அசைந்த படத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, சில நிமிடம் காத்திருந்து மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது அசைவாக இருக்காது, மூச்சாகத்தான் இருக்கும். மூச்சுணரியின் மெத்தை நெஞ்சுக்குக் கீழே சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஈ.சி.ஜி. மின்முனைகளைக் காலில் ஒட்டும் இடத்தில் முடியை வழித்துவிட்டாலே பாதித் தவறல்கள் நின்றுவிடும்.

கீழறை

முடியை வழிப்பதில்லை. நாளை முதல் வழிக்கிறோம். எல்லைப் பகுதி எண்ணிக்கை வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.